இரண்டு விரல் நுழையும் வலை

எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கோழிக்கூண்டில் முன்பிருந்த கதவு இப்போது இல்லை. நான்தான் கழற்றிப் போட்டேன். ஆனாலும் அது மூடும் சத்தம் போகவில்லை. பக்கத்துத் தறிக்கூடத்தில் யாராவது இரும்பை இரும்பின்மேல் போட்டால் போதும், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு எழுந்து மகள் எங்கே என்று பார்க்கிறேன். அவள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில்கூட எழுந்துவிடுகிறேன். அவள் வீட்டில் இல்லை என்பது எழுந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. அதற்கப்புறமும் உட்கார முடிவதில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். அதோடு எனக்கு அமைந்த வேலையும் அப்படி. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு துணிக் கம்பெனியில் துணி பார்க்கிறேன். அடியில் விளக்கு எரியும் சாய்வான கண்ணாடிமேல் துணி ஓடும். எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். பி.காம். படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. எதைப் பார்த்தாலும் ஓட்டைதான் முதலில் கண்ணில் படும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே குழந்தையின் தலை நுழையுமா என்று பார்ப்பேன். பள்ளி வேனின் பின்கதவை இழுத்துப் பார்ப்பேன். வேன் ஓட்டுகிறவர் என்னைக் கண்டாலே சிரிப்பார்.

"ஏனுங்க, கோயிலுக்குப் போனாலும் சாமியப் பாக்காம கூரை உளுந்துருமான்னு பாக்கற ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க" என்று மனைவி சொல்வாள். எங்களுக்கு ஒரே பெண். அவளும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

கோழி வந்தது என் மச்சானால். மனைவியின் அண்ணன். சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பள்ளி விடுமுறையில் மருமகள் கேட்டாள் என்று நாட்டுக்கோழிகளைக் காலைக் கட்டி வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். எங்கள் வீடு இருப்பது புதிதாக மனை பிரித்த இடம். வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். அவற்றில் ஆள் உயரத்துக்கு வேலிகாத்தான் முள் வளர்ந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் வரிசையாகத் தறிக்கூடங்கள். பகல் முழுக்க அந்தச் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாது. ஒறம்பரை, விருந்தாளி என்று யாராவது வந்தால்தான், "எப்படித்தான் இதுக்குள்ள இருக்கறீங்க" என்று கேட்பார்கள்.

கோழிகள் முதலில் முருங்கை மரத்தில் அடைந்தன. ஒருநாள் விடியும்போது ஒன்றைக் காணவில்லை. முள்ளுக்குள் இறகு மட்டும் கிடந்தது. கீரி என்றார்கள். மகள் அன்று சாப்பிடவில்லை. அன்றைக்கே கூண்டு கட்டுவது என்று முடிவானது.

மற்றவர்களாக இருந்தால் நான்கு குச்சி நட்டு ஒரு தகரத்தைப் போட்டுவிடுவார்கள். நான் தரையைத் தோண்டிக் கண்ணாடிச் சில்லுகளைக் கொட்டி மேலே சிமெண்ட் போட்டேன், எலி வளை பறிக்கக்கூடாது என்று. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஹாலோ பிளாக். அதற்குமேல் மச்சானின் கூடத்தில் உடைசலாகக் கிடந்த பழைய தறியின் இரும்புச் சட்டங்கள். சட்டத்துக்குச் சட்டம் கம்பி வலை. உள்ளே மகள் நிமிர்ந்து நிற்கலாம், நான் குனிந்துதான் போக வேண்டும். பின்சுவரை ஒட்டி ஒரு திட்டு, அதில் முட்டையிடக் கூடைகள். முட்டை எடுக்க வெளியிலிருந்தே கைவிடுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு வைக்கலாம் என்று மனைவி சொன்னாள். எதற்கு இன்னொரு ஓட்டை என்று நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

மச்சான் சாயங்காலம் வந்து சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

"ஏனுங் மாப்ள, கோழிக்கு ஊடு கட்டறீங்களா, செயிலு கட்டறீங்களா?"

"கீரி வருதுங்க மச்சான்."

"கீரியா? இதுக்குள்ள போலீசே வர முடியாதுங்க. கோழி ஜாமீன் எடுத்துத்தான் வெளிய வரோணும்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வலை வாங்கும்போது மட்டும் சிரிப்பில்லை. கடையில் பல அளவில் இருந்தன. ரொம்பவும் நெருக்கமான வலை போட்டால் வெயில் காலத்தில் காற்று இல்லாமல் கோழி செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார். கீரித் தலையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வலையிலும் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் நுழையும் வலையை எடுத்தேன். கீரிக்கு அது போதும்.

கதவுதான் தொல்லையாக இருந்தது. மகள் திறந்தால் மூட மாட்டாள். உள்ளே போவாள், கோழியோடு பேசுவாள், அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவாள். எத்தனை தடவை சொன்னாலும், "சரிங்கப்பா" என்பாள். அதற்கு வழி சொன்னதும் மச்சான்தான். தறியில் பாவு நூல் தொய்யாமல் இருக்க உருளையோடு சேர்த்து இரும்பு எடைக்கல் தொங்கவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது கிடக்காத வீடு இல்லை. கதவு அசையாமல் இருக்க முட்டுக்கொடுப்போம், ஊறுகாய் ஜாடிமேல் வைப்போம். மச்சான் அதில் ஒன்றைக் கொண்டுவந்தார். கதவு விளிம்பில் கயிறு கட்டி, அதைப் பக்கத்துச் சட்டத்தில் ஒரு சின்னச் சக்கரத்தின்மேல் விட்டு, மறுமுனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டோம். கதவை வெளிப்பக்கம் இழுத்தால் கல் மேலே ஏறும். விட்டால் கல் இறங்கிக் கதவைச் சாத்திவிடும். நாய் மூக்கால் தள்ளித் திறக்கக்கூடாது என்று வெளியே தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும் ஒரு கொண்டியும் வைத்தேன்.

"டங்" என்று மூடியது. மகள் கைதட்டினாள். திறந்து விட்டாள், டங். மறுபடி திறந்து விட்டாள், டங். உள்ளே போனால் எப்படி வெளியே வருவது என்று மனைவி கேட்டாள். அதற்கும் வழி இருந்தது. கொண்டிக்குப் பக்கத்து வலையில் இரண்டு விரலை வெளியே நீட்டினால் கொண்டியைத் தூக்கிவிடலாம். மகள் ஒரே முயற்சியில் பழகிக்கொண்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு அபூர்வமாகத் தோன்றும். அன்றைக்குத் தோன்றியது.

பிறகு சாம்பல் நிறக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. மனைவி ஒரு கூடையில் உமியைப் பரப்பி, வைக்கோல் போட்டு, ஒற்றைப்படையாக ஒன்பது முட்டைகளை அடுக்கினாள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு கரித்துண்டும் ஆணியும் ஓரத்தில் சொருகினாள். மகள் தினமும் காலையில் போய்க் கோழியின் அடியில் கைவிட்டு முட்டைகளைத் தொட்டுப் பார்ப்பாள். கோழி அவளை மட்டும் கொத்தாது.

குஞ்சு பொரிக்க வேண்டிய சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை பொழுது சாய, மற்ற கோழிகள் கூண்டுக்குள் போக மறுத்தன. வாசல் வரைக்கும் போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு முருங்கை மரத்துக்குத் திரும்பின. மின்னலுக்குப் பயப்படுகின்றன என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து நானே உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் மனைவி ஒறம்பரை வீட்டுச் சீருக்கு வெள்ளகோவில் போய்விட்டாள். வீட்டில் நானும் மகளும்தான். காலையில் வழக்கம்போலக் கூண்டைத் திறந்து கோழிகளை வெளியே விட்டாள். அடைக்கோழி மட்டும் உள்ளே இருந்தது. சித்த நேரம் கழித்து வந்து, "இன்னும் பொரிக்கலீங்கப்பா" என்றாள். மத்தியானம் சாப்பிட்டோம். மழை விட்டு வெயில் அடித்தது. நான் தொரட்டியை எடுத்துக்கொண்டுபோய் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தேன். அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் குதித்துக் குதித்துக் கூண்டுப் பக்கம் போனாள். டங்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"அப்பா."

"என்ன கண்ணு, குஞ்சு வந்துருச்சா?"

 பதில் வந்தது. மெதுவாக, வகுப்பில் எழுந்து பதில் சொல்வதுபோல.

"அப்பா, வாங்க. ஆனா ஓடி வராதீங்க."

நான் போனேன். ஓடாமல் போனேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் பின்சுவர்த் திட்டின்மேல், அடைக்கூடைக்குப் பக்கத்தில் ஏறி நின்றாள். முதுகு வலையோடு ஒட்டியிருந்தது. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் சிமெண்ட் தரையில் நல்லபாம்பு இருந்தது.

அது வேகமாகப் போகவில்லை. போக முடியாமல் போய்க்கொண்டிருந்தது. உடம்பின் நடுவில் இரண்டு இடத்தில் புடைத்திருந்தது. நான் தடவித் தடவிச் சமமாகப் போட்ட தரையில் அதற்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. வழுக்கி வழுக்கி ஊர்ந்தது.

"பொட்டாட்ட நில்லு கண்ணு. அசையாதே."

"அசையலீங்கப்பா."

"அது உன்னையப் பாக்குதா?"

"இல்லீங்க. கதவப் பாக்குது."

என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலாகவோ கேட்டது. தொண்டை கிழிய ஒருமுறை கத்தினேன். யாராவது வாங்க, பாம்பு, பாம்பு என்று. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கத்தியது எனக்கே பாதிதான் கேட்டது. அத்தனை வருடங்களாக என் காதில் விழாத அந்தச் சத்தம் அன்றைக்கு விழுந்தது. அது சுவர் மாதிரி நின்றது.

"கத்தாதீங்கப்பா. அதுக்குப் பயமாயிரும்" என்றாள்.

செல்போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடந்தது. போய் எடுத்துவரலாம். கம்பி வெட்டும் பிளையரும் உள்ளேதான் இருக்கிறது. எடுத்துவந்து அவள் நிற்கும் பக்கத்து வலையை வெட்டலாம். இதெல்லாம் மனதில் தெளிவாக ஓடியது. ஆனால் நான் திரும்பினால் அவள் என் முதுகைப் பார்ப்பாள். கீழே இறங்கி என் பின்னால் வரப் பார்ப்பாள். வராவிட்டாலும், நான் திரும்பி வரும்போது அது எங்கே இருக்கும்? என்னால் அங்கிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கூரையைப் பார்த்தேன். புயலடித்தாலும் கழலக்கூடாது என்று போல்ட்டுக்கு இரட்டை மரை போட்டு முடுக்கியவன் நான். வலையின் ஒவ்வொரு முனையையும் மடக்கி மடக்கிக் கட்டியவனும் நானே. கையால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை.

பாம்பு வாசல் பக்கம் வந்தது. கதவை ஒட்டிய சட்டத்தில் தலையை உயர்த்தித் தடவிக்கொண்டே போய், வலையில் ஒரு கண்ணைக் கண்டுபிடித்துத் தலையை வெளியே நீட்டியது. கழுத்து வந்தது. ஒரு முழம் வந்தது. போய்விடும், போய்விடும் என்று நினைத்தேன். முட்டை தட்டியது. அதற்குமேல் வரவில்லை. பின்னால் இழுத்துப் பார்த்தது. செதில் கம்பியில் மாட்டிக்கொண்டதோ என்னவோ, பின்னாலும் போகவில்லை. பாதி வெளியே, பாதி உள்ளே. அப்போதுதான் என்னைப் பார்த்தது. படம் விரித்தது.

அது நின்ற இடம் கொண்டிக்குப் பக்கத்தில். நான் கை வைக்க வேண்டிய இடம். அவள் விரல் நீட்டும் இடம்.

"அப்பா, நான் எறங்கி வந்து விரல உட்டுக் கொண்டியத் தூக்கட்டுங்களா? தலைதான் வெளிய இருக்குதே?"

அவள் கேட்டது தப்பில்லை. தினமும் அப்படித்தான் திறப்பாள். அவளுடைய விரல்கள் வலைக்கு வெளியே வரும் இடத்தை நான் பார்த்தேன். படத்துக்கும் அதற்கும் ஒரு சாண்கூட இல்லை.

"வேண்டாஞ் சாமி. வேண்டாம். அங்கயே நில்லு. அப்பா தொறக்கறேன்."

"நீங்க தொறந்தா உங்களையக் கொத்திப்போடுமுங்க."

அப்போதுதான் கையில் தொரட்டி இருப்பது தெரிந்தது. கீரை பறித்த கையோடு அதைப் பிடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன். நீளமான மூங்கில், நுனியில் வளைந்த கத்தி. கதவின் கீல் பக்கமாக ஒதுங்கி நின்று, எட்டத்திலிருந்து கத்தியின் வளைவைக் கொண்டிக்கு அடியில் கொடுத்தேன்.  மூங்கிலின் நுனி ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. கொண்டி பாதி எழும்பி நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பாம்பு துடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டது. வெளியே இருந்த ஒரு முழம் அரை முழமானது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் உள்ளே போயிருக்கும், அவள் இருக்கும் பக்கம்.  மறுபடி கம்பியில் மாட்டி நின்றது.

இரண்டாவது தடவை கொண்டி எழுந்தது. வளைவைக் கதவின் விளிம்பில் மாட்டி இழுத்தேன். கதவு வந்தது. அதோடு சட்டத்தை ஒட்டி எடைக்கல் மேலே ஏறத் தொடங்கியது, பாம்பின் முகத்துக்கு நேராக. அது ஆடி ஆடி ஏறுவதைப் பார்த்துப் பாம்பு சீறிக் கொத்தியது. இரும்பில் பல் பட்ட சத்தம் கேட்டது. மறுபடி கொத்தியது. கயிறு வழியாக அந்த அதிர்ச்சி கதவுக்கு வந்து, கதவிலிருந்து மூங்கிலுக்கு வந்து, என் உள்ளங்கையில் தெரிந்தது.

"வா கண்ணு. இப்ப வா. அதும்பட வாலு வாசல்ல கெடக்குது, தாண்டி வா. வெசயா வா."

"கோழி?"

"கோழி கெடக்குது. நீ வா."

"அது முட்டைய உட்டுட்டு இருக்காதுங்கப்பா. எடுத்துட்டு வாரேன்."

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. கெட்ட வார்த்தையாகவும் இருக்கலாம். அவள் காதில் வாங்கவில்லை. குனிந்தாள். வைக்கோலை விலக்கி ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பாவாடை மடியில் போட்டாள். பிறகு கோழியைத் தூக்கி அக்குளில் இடுக்கினாள். கல்லின் கனம் என் தோளை இழுத்தது. மூங்கில் வளைந்தது. கத்தியின் வளைவு இரும்பு விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் வாசலில் இருக்கும்போது அது நழுவினால் கதவு அவளை அடித்து உள்ளே அந்த வாலின்மேல் தள்ளும். நானே கட்டிய எடை.

திட்டிலிருந்து இறங்கினாள். மடியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டுகிற மாதிரி, காலை உயரத் தூக்கி வாலைத் தாண்டினாள். வெளியே வந்தாள். இன்னும் இரண்டு எட்டு வந்தாள். நான் மூங்கிலை விட்டேன்.

டங்.

 ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, கோழி கொத்துதுங்க. புடிச்சுக்கங்க. அதுக்கு என்னைய அடையாளந் தெரியல."

அப்போதுதான் அவள் அழுதாள். கோழி கொத்தியதற்கு.

போன் செய்ததும் மச்சான் பாம்பு பிடிக்கிற ஒருவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வரும்போதே பேசிக்கொண்டு வருகிறவர், கதவையும் கல்லையும் பக்கத்தில் விரிந்து நின்ற படத்தையும் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. பாம்பு பிடிப்பவர் அதன் தலையைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, வலையில் ஒரு கம்பியை வெட்டினார். அது இரண்டு முட்டைகளைக் கக்கியது. சாக்கில் கட்டினார்.

"வெறும் வயித்தோட வந்திருக்குதுங்க. தின்னுபோட்டுப் போக முடியாம மாட்டிக்கிச்சு" என்றார்.

"எப்ப வந்திருக்குமுங்க?" என்று மச்சான் கேட்டார்.

"மழைக்கு ஒதுங்கியிருக்கும். நேத்துப் பொழுதோடவே வந்திருக்குமாட்ட இருக்குது. அந்தக் கூடை வெக்கப்புல்லுக்கடியிலதான் கெடந்திருக்கும்."

சனிக்கிழமை சாயங்காலம் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய கோழிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றாக இறக்கையைப் பிடித்து உள்ளே தள்ளியதும் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள், முட்டைகளை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல்.

"அதுதானுங்களா? காலைல கோழிக்கடியில கை உட்டப்ப ஜில்லுனு இருந்துச்சு. முட்டை ஒடஞ்சு வழிஞ்சிருக்குதுன்னு நெனச்சேன். தடவிப் பாத்தேன். அப்பறம் கோழி சத்தம் போட்டுச்சுன்னு எடுத்துட்டேன்."

 பாம்பு பிடித்தவர் சாக்கைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். மச்சான் அவளுடைய வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது கையை. "எந்தக் கை அம்மணி?" என்றார். அவள், "ரெண்டும்தான் மாமா" என்றாள்.

மனைவி இருட்டும் முன்பே திரும்பிவிட்டாள், சீர் வீட்டுப் பலகாரப் பையோடு. எல்லாவற்றையும் கேட்டாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மகளைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் கைகளுக்குச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி சோப்புப் போட்டாள். "போதுமுங்கம்மா, எரியுது" என்று மகள் சொல்லும்வரை கழுவிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து என்னைத் துரத்துவது அந்த மத்தியானம் அல்ல. அது கண்முன்னால் நடந்தது. நான் அங்கே இருந்தேன், கையில் ஒரு மூங்கில் இருந்தது. எனக்குத் தாங்காதது அந்தக் காலை. நான் காபி குடித்துக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். அவள் கூண்டுக்குள் தனியாகக் குனிந்து, இருட்டுக்குள் கையை விட்டு, ஜில்லென்று இருந்ததைத் தடவிப் பார்த்திருக்கிறாள். அது அசையாமல் கிடந்திருக்கிறது. ஏன் அசையவில்லை என்று யாருக்கும் தெரியாது. அவள் வெளியே வந்து, "இன்னும் பொரிக்கலீங்கப்பா" என்றபோது, நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றிருக்கிறேன்.

கம்பெனியில் கண்ணாடிமேல் துணி ஓடும்போது சின்ன ஓட்டை வந்தால் வட்டம் போடுவதற்குமுன் விரலை வைத்துப் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவர், "என்னுங்க, மோதிரம் அளவு பாக்கறீங்களா?" என்று கேட்கிறார். சிரித்துவைக்கிறேன்.

கூண்டை இடித்துவிடுவது என்று சொன்னேன். மகள் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டைப்பெட்டியில் வீட்டுக்குள் வைத்த முட்டைகளில் நான்கு பொரித்தன. குஞ்சுகள் ஹால் முழுக்க ஓடின. சாம்பல் கோழி தொலைக்காட்சிப் பெட்டிக்கு அடியில் குடியிருந்தது. வளர்ந்த கோழிகளை எத்தனை நாள் வீட்டுக்குள் வைப்பது? கடைசியில் வலை முழுவதையும் பிரித்துவிட்டு, சுண்டுவிரல்கூட நுழையாத வலை போட்டேன். வெயில் காலத்துக்குக் கூரையை உயர்த்திவிட்டேன். முட்டை எடுக்க வெளியிலிருந்தே ஒரு சின்னக் கதவு, மனைவி அன்றைக்குச் சொன்ன இடத்தில். பெரிய கதவு இப்போது சாதாரண மரக்கதவு. தானாக மூடாது. உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் திறக்கலாம். எடைக்கல்லை மச்சான் வந்து எடுத்துக்கொண்டு போனார்.  வண்டியில் வைத்துவிட்டு, மருமகளின் தலையில் கைவைத்து, "இனிமேலு கதவச் சாத்தோணும், என்ன?" என்றார். அவள் சாத்துகிறாள். இப்போதெல்லாம் ஒருமுறைகூட மறப்பதில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் அதே கோழி மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. முட்டை வைக்க வேண்டாம் என்றேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். மனைவி போய் உமி எடுத்துவந்தாள். கரியும் ஆணியும் வைத்தாள்.

அதனால் தினமும் காலையில் நானும் மகளும் போகிறோம். அந்தச் சின்னக் கதவைத் திறந்து நான் முதலில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஒரு குச்சியால் வைக்கோலைக் கிளறுகிறேன். பிறகு என் கையை விடுகிறேன். கோழிக்கு என்னைப் பிடிக்காது. மணிக்கட்டில் கொத்திக் கொத்திப் புண்ணாகிவிட்டது. மகள் பின்னால் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிறாள்.

"இருக்குதுங்களாப்பா?"

"இரு கண்ணு."

"வேன் வந்துருமுங்க. நான் ஒருக்காத் தொட்டுட்டுப் போறேன். நவுருங்க."

கோழியின் அடியில் ஒவ்வொரு முட்டையாகத் தொடுகிறேன். சூடாக இருக்கிறது. அடுத்ததும் சூடாக இருக்கிறது. கூடையின் ஓரம் வரை, வைக்கோலுக்கு அடியில் உமி வரை விரல்களைக் கொண்டுபோகிறேன். அங்கேயும் சூடுதான். கோழி கொத்துகிறது. தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கிறது. அவள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். எல்லாம் சூடாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கையை எடுக்க எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டியிருக்கிறது.